பிட் ஸ்டாப்: பச்சை விளக்கு யார் கையில்?

2021 ஆகஸ்ட் கடைசியில், பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்திலிருந்து ஃபார்முலா 1-இல் ஒரு விநோதமான விதி அமலுக்கு வந்தது. பிட் ஸ்டாப்பில், அதாவது பந்தயத்தின் நடுவே காரை நிறுத்தி டயர் மாற்றும்போது, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில் குறைந்தது இவ்வளவு நேரமாவது போயிருக்க வேண்டும் என்றது அது. சக்கரத்தின் நட் இறுகிவிட்டது என்ற சைகைக்கும் ஜாக்கியை இறக்கச் சொல்லும் சைகைக்கும் நடுவே 0.15 வினாடி. ஜாக்கி இறங்கியதற்கும் ஓட்டுநருக்குப் பச்சை எரிவதற்கும் நடுவே 0.2 வினாடி. இதைவிடச் சீக்கிரமாக நடந்தால், அங்கே மனிதன் பார்த்து முடிவெடுக்கவில்லை, இயந்திரம் முந்திக்கொண்டது அல்லது யாரோ முன்கூட்டியே பொத்தானை அமுக்கிவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். அறிமுகமான அன்று ஸ்பாவில் மழை கொட்டித் தீர்த்தது. வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் போகும் பாதுகாப்பு காரின் பின்னால் ஊர்வலம் போல சில சுற்று போய்வந்ததோடு பந்தயம் முடிந்துவிட்டதால், புது விதியைப் பரீட்சித்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பே அமையவில்லை.

ரெட் புல் அணிக்குக் கோபம். அதன் அப்போதைய தலைவர் கிறிஸ்டியன் ஹார்னர் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தார். டயர் மாற்றுவதில் அப்போது அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2019 பிரேசில் பந்தயத்தில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பெனின் காருக்கு 1.82 வினாடியில் நான்கு சக்கரங்களையும் மாற்றிக் காட்டியவர்கள். போட்டியாளர்கள் தங்களை மடக்குவதற்காகவே இந்த விதியைக் கேட்டு வாங்கினார்கள் என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்தது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஃபார்முலா 1-இல் பாதுகாப்பும் அரசியலும் பெரும்பாலும் ஒரே காரில்தான் வரும். ஆனாலும் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏ-வுக்கு இப்படியொரு விதி போட நல்ல காரணம் இருந்தது. அது புரிய, அந்த இரண்டு வினாடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

காரைச் சுற்றி ஏறக்குறைய 20 பேர் நிற்பார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று பேர்: நட்டைக் கழற்றி இறுக்கும் 'வீல் கன்' கருவியைப் பிடிப்பவர், பழைய சக்கரத்தை உருவுபவர், புதியதை மாட்டுபவர். முன்னால் ஒரு ஜாக்கி, பின்னால் ஒரு ஜாக்கி. தூக்கிய கார் ஆடாமல் இருக்க நடுவில் இரு பக்கமும் இருவர் பிடித்துக்கொள்வார்கள். முன் இறக்கையின் கோணத்தைத் திருத்த இருவர். இவர்களில் முன் ஜாக்கிக்காரரின் வேலை தனி ரகம். கார் நேராக அவரை நோக்கித்தான் வரும். மூக்கு முழங்காலை எட்டும் நேரத்தில் ஜாக்கியைச் செருகித் தூக்க வேண்டும். தூக்கிய கையோடு அவர் பக்கவாட்டில் விலகிக்கொள்வார். அதற்கு வசதியாக ஜாக்கியின் கைப்பிடி திரும்பும்படி செய்திருப்பார்கள், விசையைத் தட்டினால் கார் பொத்தென்று தரையிறங்கும். பழைய மாதிரி ஜாக்கியில் அவர் கார் கிளம்பும் பாதையிலேயே நின்று இறக்கிவிட்டு, பிறகு துள்ளி ஓட வேண்டியிருந்தது.

வீல் கன்னுக்கும் கட்டுப்பாடு உண்டு. அழுத்தப்பட்ட காற்று அல்லது நைட்ரஜன், இந்த இரண்டில் ஒன்றால்தான் அது இயங்கலாம். கூடவே சென்சார் பொருத்திக்கொள்ளலாம், ஆனால் அந்தச் சென்சார் பார்க்கலாம், சொல்லலாம், தானாக எதையும் செய்துவிடக் கூடாது. முழு விவகாரமும் இந்த ஒற்றை நிபந்தனையைச் சுற்றித்தான் சுழல்கிறது.

நட் இறுகியதும் கன் பிடித்தவர் பொத்தானை அமுக்குவார். நான்கு மூலையிலிருந்தும் சைகை வந்து சேர்ந்ததும் ஜாக்கிக்காரர்களுக்கு விளக்கு எரியும், கார் இறங்கும், அதன் பிறகு ஓட்டுநரின் தலைக்கு மேலே தொங்கும் விளக்கு பச்சையாகும். நடுவே ஒருவர், அணிகளின் இடங்களுக்கு முன்னால் கார்கள் வந்துபோகும் பாதையான பிட் லேனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்தில் வேறு கார் வந்துகொண்டிருந்தால் பச்சையை நிறுத்திவைப்பது அவர் பொறுப்பு. முன்பு நீண்ட கம்பில் வட்டப் பலகையைப் பிடித்தபடி காரின் முன்னால் ஒருவர் நிற்பாரே, 'லாலிபாப்' ஆள், அவருடைய கண்ணும் கையும் செய்த வேலையைத்தான் இப்போது கம்பிகளும் பொத்தான்களும் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன.

இந்தச் சங்கிலி எங்கே அறும் என்பதை 2018 ஏப்ரலில் பஹ்ரைனில் எல்லோரும் பார்த்தார்கள். கிமி ரைக்கோனெனின் ஃபெராரி உள்ளே வந்து நின்றது. மூன்று சக்கரங்கள் மாறிவிட்டன. இடது பின் சக்கரம் மட்டும் கழலவே இல்லை. புதுச் சக்கரத்தை மாட்ட வேண்டிய மெக்கானிக் காருக்கு அருகே, அந்தப் பழைய சக்கரத்துக்கு முன்னால் கால் வைத்தபடி காத்துக்கொண்டிருந்தார். பச்சை எரிந்தது. ரைக்கோனென் கிளம்பினார். சக்கரம் மெக்கானிக்கின் காலில் ஏறி இறங்கியது, கீழ்க்காலின் இரண்டு எலும்பும் முறிந்தன. கார் சில அடி தள்ளி நின்றுவிட்டது. மூன்று புது டயரும் ஒரு பழைய டயருமாகப் பந்தயத்தைத் தொடர முடியாது. பச்சை எரிந்தால் போவேன், பின்னால் நடப்பது எனக்குத் தெரியாது என்கிற ரீதியில்தான் ரைக்கோனென் பிறகு பேசினார். கல்நெஞ்சம் என்று சிலர் திட்டினார்கள். ஆனால் அவர் சொன்னது உண்மை. தலைக்கவசமும் கழுத்துப் பட்டையுமாக உட்கார்ந்திருப்பவருக்குப் பின் சக்கரம் தெரியாது. அவருடைய உலகம் அந்த விளக்கு மட்டும்தான்.

அப்படியென்றால் விளக்கு ஏன் எரிந்தது? இடது பின் மூலையில் வேலை முடியவில்லை என்பதை அந்த அமைப்பு கண்டுகொள்ளவில்லை. கன் நட்டின் மேல் ஓடியதா, நட் இறுகியிருக்கிறதா என்று கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். பழைய சக்கரம் போய்ப் புதுச் சக்கரம் வந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. கழலாத பழைய சக்கரத்தின் நட்டும் இறுக்கமான நட்தான். சென்சார் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் விபத்து நடக்கலாம், கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாலே போதும். அங்கே நின்ற எவரும், ஏன் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தை கூட, அந்தச் சக்கரம் மாறவில்லை என்று சொல்லியிருக்கும். ஆனால் பார்த்தவர்களின் கண்ணுக்கும் பச்சை விளக்குக்கும் இடையே அந்தக் கணத்தில் தொடர்பு இல்லை.

இயந்திரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு மனிதனிடமே விட்டுவிடலாமே என்று தோன்றும். அதற்குப் பத்து வருடம் முந்தைய சிங்கப்பூரைப் பார்க்கலாம். 2008-இல் லாலிபாப் பலகைக்குப் பதிலாக விளக்கைக் கொண்டுவந்ததும் இதே ஃபெராரிதான். அப்போது பிட் ஸ்டாப்பில் எரிபொருளும் நிரப்புவார்கள், அந்தக் குழாய் கழன்றால் பச்சை எரியும்படி அமைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் பாதுகாப்பு கார் வந்ததால் பிட் லேன் கார்களால் நிரம்பி வழிந்தது. அந்த நெரிசலில் தானியங்கி முறையை நம்பாமல், விளக்கை ஒரு மெக்கானிக் கையால் இயக்கினார். அவர் அரை நொடி முந்திவிட்டார். முன்னிலையில் இருந்த ஃபிலிப்பே மாஸா குழாயோடு கிளம்பினார். குழாய் பிய்ந்து, ஆட்கள் விழுந்து, சிவப்புக் கார் பிட் லேனின் கோடியில் வால் முளைத்தாற்போல நின்றது. மெக்கானிக்குகள் அவ்வளவு தூரம் ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கினார்கள். மாஸா 13-ஆம் இடத்தில் முடித்தார். அந்த வருடச் சாம்பியன் பட்டம் லூயிஸ் ஹாமில்டனிடம் ஒரே ஒரு புள்ளியில் போனது. ஃபெராரி அடுத்த பந்தயத்துக்கே பழைய லாலிபாப்புக்குத் திரும்பியது.

ஒரே அணி. 2008-இல் மனிதன் இயந்திரத்தை மீறினான், 2018-இல் இயந்திரம் மனிதன் கண்ணால் கண்டதை மீறியது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், 'மனிதனா, இயந்திரமா' என்று பட்டிமன்றம் நடத்துவதில் பொருளில்லை என்பது விளங்கும். கடைசிச் சைகைக்கு முன்னால் யாராவது ஒருவர் நிலைமையை உண்மையிலேயே பார்ப்பதற்கு நேரம் இருந்ததா? 2021 விதி இந்த இடைவெளியைத்தான் காப்பாற்றப் பார்க்கிறது. தடகளத்தில் துப்பாக்கி வெடித்து 0.1 வினாடிக்குள் கால் நகர்ந்தால், சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடினார் என்று வெளியேற்றிவிடுவார்கள். எஃப்ஐஏ செய்ததும் அதே தர்க்கம்.

அணிகள் ஊகிப்பதில் கில்லாடிகள் என்பதும் இதில் உண்டு. நட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, எப்படியும் இறுகிவிடும் என்ற நம்பிக்கையில் பொத்தானை அமுக்கினால் பத்தில் ஒரு பங்கு வினாடி மிச்சம். நூறு தடவை சரியாக வரும். நூற்றியோராவது தடவை நட் பிசகியிருக்கும். 2018 மெல்போர்னில் ஹாஸ் அணி 4-ஆம், 5-ஆம் இடங்களில் ஓடிக்கொண்டிருந்தது, சின்ன அணிக்கு அது பெரிய நாள். இரண்டு கார்களும் அடுத்தடுத்து உள்ளே வந்தன, இரண்டும் சரியாக இறுகாத சக்கரத்தோடு வெளியே போய் நின்றுவிட்டன. 2021 மொனாக்கோவில் இதற்கு நேர்மாறான கூத்து. வால்டேரி போட்டாஸின் மெர்சிடீஸில் கன் கோணலாக உட்கார்ந்து, நட்டின் முனைகளையே மழித்துவிட்டது. அன்று அந்தச் சக்கரம் கழலவே இல்லை. பந்தயம் முடிந்து, கார் இங்கிலாந்துத் தொழிற்சாலைக்குப் போன பிறகுதான் கழற்றினார்கள்.

இந்த அவசரம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2009 வரை பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவார்கள். நொடிக்குச் சுமார் 12 லிட்டர் பாயும். டயரை மாற்றி முடித்தாலும் எரிபொருளுக்காகக் கார் நின்றுதான் ஆக வேண்டும், ஆகையால் வீல் கன் பிடித்தவர்களுக்கு அவகாசம் இருந்தது. அபாயம் வேறு பக்கத்தில் இருந்தது. 1994 ஜூலையில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் யோஸ் வெர்ஸ்டாப்பெனின் பெனட்டன் காரில் வால்வு சரியாக மூடாமல் பெட்ரோல் தெறித்தது. ஒரு கணம் எல்லோரும் நனைந்து நின்றார்கள், அடுத்த கணம் கார் முழுக்க நெருப்பு. நிரப்பும் கருவியில் இருந்த வடிகட்டியை அணி கழற்றியிருந்தது பிறகு தெரியவந்தது. 2009 பிரேசிலில் ஹெய்க்கி கோவலைனென் குழாயை இழுத்துக்கொண்டே கிளம்ப, சிந்திய எரிபொருள் பின்னால் வந்த ரைக்கோனெனின் கார் மேல் பட்டுப் பற்றிக்கொண்டது. ரைக்கோனென் கண் எரிச்சலோடு பந்தயத்தைத் தொடர்ந்தார். அமெரிக்க இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் அந்தக் காலத்தில் எரிபொருள் மெத்தனால், அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. 1981-இல் ரிக் மியர்ஸ் எரிந்துகொண்டிருந்தபோது சுற்றி நின்றவர்களுக்கு முதலில் என்ன ஆகிறது என்றே புரியவில்லை.

2010-இல் ஃபார்முலா 1 நடுவழி எரிபொருளைத் தடைசெய்தது. தீ பயம் பெரும்பாலும் ஒழிந்தது. கூடவே யாரும் அதிகம் யோசிக்காத ஒன்று நடந்தது: இனி டயர் மாற்றும் நேரம்தான் கார் நிற்கும் நேரம். ஆரம்பத்தில் நான்கு வினாடி நல்ல நேரமாக இருந்தது. 2013-இல் ரெட் புல் இரண்டு வினாடிக்குக் கீழே போய்விட்டது. ஒரு ஆபத்தை நீக்கிய விதியே இன்னொரு அவசரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. தடை வந்த முதல் வருடமே, ஹங்கேரியில் நிக்கோ ரோஸ்பெர்கின் மெர்சிடீஸிலிருந்து ஒரு சக்கரம் கழன்று பிட் லேனில் துள்ளித் துள்ளி ஓடி வில்லியம்ஸ் அணி மெக்கானிக் ஒருவரைத் தாக்கியது. அதே குழப்பத்தில் ராபர்ட் குபிட்சாவை அவசரமாக அனுப்பிவிட்டதில் அவர் நேராக ஏட்ரியன் சுட்டிலின் காரில் மோதினார். 2013 ஜூலையில் நூர்பர்க்ரிங்கில் மார்க் வெப்பரின் பின் சக்கரம் இறுகாமலே கார் கிளம்ப, அது கழன்று ஓடி, முதுகைக் காட்டி நின்ற ஒரு ஒளிப்பதிவாளரை அடித்து வீழ்த்தியது. அவருக்குக் காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன.

அதன் பிறகு வந்த மாற்றங்கள் பெரிய தொழில்நுட்பம் எதுவும் கேட்கவில்லை. பந்தயத்தின்போது பிட் லேன் வேக வரம்பை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 80-ஆகக் குறைத்தார்கள். காரில் வேலை செய்யும் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஊடகக்காரர்களுக்குப் பிட் லேனில் இடமில்லை. என் கணக்கில், சென்சார்கள் காப்பாற்றிய உயிர்களைவிட இந்த மாதிரி உப்புச்சப்பில்லாத விதிகள் காப்பாற்றியதுதான் அதிகம். வேக வரம்பே ஒரு காலத்தில் கிடையாது. 1981-இல் பெல்ஜியத்தின் ஜோல்டரில், குறுகலான பிட் லேனில் ஒசெல்லா அணியின் மெக்கானிக் ஒருவர் கார் மோதி இறந்தார். 1994 மே 1 அன்று இமோலாவில், அயர்டன் சென்னா இறந்த அதே பந்தயத்தில், மிக்கேலே அல்போரெட்டோவின் மினார்டியிலிருந்து பிட் லேனில் கழன்ற சக்கரம் மெக்கானிக்குகள் சிலரைக் காயப்படுத்தியது. அதன் பிறகுதான் ஃபார்முலா 1 பிட் லேனில் வேகத்துக்கு வரம்பு வந்தது. அமெரிக்காவின் நாஸ்கார் என்ற கார் பந்தயத் தொடரிலும் அதே கதை: 1990 நவம்பரில் அட்லாண்டாவில் பின் டயர் மாற்றிக்கொண்டிருந்த ஊழியர் கார் மோதி இறந்தார், 1991-இல் வேக வரம்பு வந்தது.

வேக வரம்போடு ஒரு தானியங்கியும் வந்தது. ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தான், அமுக்கினால் கார் அந்த வரம்பைத் தாண்டாது. அதைப் பற்றி யாரும் சண்டை போட்டதாக நினைவில்லை. அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று, அதற்கான பதிலும் சக்கரம் சுற்றும் வேகத்திலேயே இருக்கிறது. நட், சக்கரம், ஜாக்கி, பக்கத்தில் வரும் கார், குனிந்திருக்கும் ஆள் என்று ஐந்தாறு விஷயங்களைச் சேர்த்து 'போகலாமா' என்று முடிவுசெய்வது அப்படிப்பட்ட வேலை இல்லை.

மற்றப் பந்தயங்கள் இதை வேறு வழிகளில் சமாளிக்கின்றன. லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எரிபொருள் ஊற்றும்போது இஞ்சின் அணைந்திருக்க வேண்டும், அது முடிந்த பிறகுதான் டயரைத் தொடலாம் என்பது நீண்டகால வழக்கம். ஆபத்தான இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. 2025 ஜனவரியில் அஜித்குமாரின் அணி தன் வகுப்பில் மூன்றாம் இடம் பிடித்த துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் இன்னும் எளிமையான ஏற்பாடு: எரிபொருளை அணியின் கூடாரத்தில் நிரப்பவே முடியாது. நம் ஊர் பெட்ரோல் பங்க் மாதிரி எல்லோருக்கும் பொதுவாக ஓர் இடம், கார்கள் அங்கே போய்ப் போட்டுக்கொண்டு வர வேண்டும். டயர் மாற்றும் கூட்டத்துக்கு நடுவே பெட்ரோல் குழாய்க்கு வேலையே இல்லை.

நாஸ்கார் தானியங்கியை நடுவர் பக்கம் கொண்டுபோனது. 2015 முதல் பிட் சாலை முழுவதையும் கேமராக்கள் பார்க்கின்றன, ஆட்கள் சுவரைத் தாண்டி முந்திக் குதித்தார்களா என்பதையெல்லாம் கணினி அடையாளம் காட்டுகிறது. காருக்கு அருகே நின்று நோட்டம் பார்த்த அதிகாரிகளின் எண்ணிக்கை இதனால் குறைந்தது. 2018-இல் எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரி வீல் கன்னை அமைப்பே கொடுத்தது. கன்னிலேயே காசைக் கொட்டிய பெரிய அணிகள் முணுமுணுத்தன. பிட் லேனில் தப்பு செய்யக்கூடிய ஆட்கள் குறைந்தாலே ஆபத்தும் குறையும் என்ற அளவில் நாஸ்காரின் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபார்முலா 1 அந்த விஷயத்தில் இன்னும் கொஞ்சம் அசட்டையாகத்தான் இருக்கிறது. 2023 பாகூவில் கடைசிச் சுற்றில் எஸ்டெபான் ஓகான் டயர் மாற்ற உள்ளே வந்தபோது, பரிசளிப்புக்காகப் புகைப்படக்காரர்களும் அதிகாரிகளும் ஏற்கெனவே பிட் லேனில் கூடி நின்றார்கள். கார் வருவதைப் பார்த்துச் சிதறி ஓடினார்கள். எந்தச் சென்சாரும் அங்கே உதவியிருக்காது.

தண்டனை விஷயத்தில் எஃப்ஐஏ ஒரே சீராக இருந்ததில்லை. கால் முறிந்த பஹ்ரைன் சம்பவத்துக்கு ஃபெராரி கட்டிய அபராதம் 50,000 யூரோ. ஹாஸுக்கு இரண்டு காருக்கும் சேர்த்து 10,000 டாலர். ஆண்டு பட்ஜெட் கோடிக்கணக்கில் புரளும் இடத்தில் இவை டீ செலவு. ஆனால் 2014 மலேசியாவில், முன் சக்கரம் சரியாகப் பொருந்தாமல் கிளம்பிய டேனியல் ரிக்கார்டோவுக்கு அந்தப் பந்தயத்திலேயே 10 வினாடி நின்று போகும் தண்டனை, அடுத்த பந்தயத்தில் 10 இடம் பின்னால் தள்ளல். ஓட்டுநர் மேல் தப்பே இல்லை என்றாலும் அணிக்கு வலிப்பது இந்த மாதிரித் தண்டனைதான்.

இதற்கெல்லாம் தலை சுற்றிப்போய், 'கார் குறைந்தது இத்தனை வினாடி நின்றே ஆக வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால் என்ன' என்று கேட்பவர்கள் உண்டு. மின்சாரக் கார்களின் ஃபார்முலா இ-யில் அது நடைமுறையில் இருந்தது. அப்போது ஓட்டுநர்கள் பந்தயத்தின் பாதியில் ஒரு காரிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவார்கள், அதற்குக் குறைந்தபட்ச நேரம் வைத்திருந்தார்கள். 2017-18 பருவத்தில் அந்த வரம்பை எடுத்தார்கள். 2018 பிப்ரவரியில் சாண்டியாகோவில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த டெச்சீட்டா அணி, வேகமாக மாட்டுவதற்காக இருக்கைப் பட்டைகளில் கைவைத்திருந்தது தெரிந்து அபராதம் கட்டியது.

ஃபார்முலா 1 அந்தப் பக்கம் போகும் என்று தோன்றவில்லை. பிட் ஸ்டாப் அங்கே ஒரு காட்சி. 2015 முதல் அதிவேக டயர் மாற்றத்துக்கென்று டிஹெச்எல் நிறுவனத்தின் பெயரில் விருதே கொடுக்கிறார்கள். 2022-இல் சக்கரங்கள் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகி எடை கூடியது, ஏற்கெனவே வந்த 0.15, 0.2 வினாடி இடைவெளிகளும் சேர்ந்தன. இனி யாராலும் பழைய நேரத்தைத் தொட முடியாது என்று பேசினார்கள். 2023 கத்தாரில் மெக்லாரன் அணி லாண்டோ நோரிஸின் காருக்கு 1.80 வினாடியில் நான்கு சக்கரங்களையும் மாற்றி, ரெட் புல்லின் சாதனையை 0.02 வினாடியில் முறியடித்தது.